தோற்றாலும் நட்டமில்லை என்றால்: பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் உரிமையாளருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய திரு. பாப் நட்டிங் அவர்களுக்கும், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணியின் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

இந்த மடலை 2025 அக்டோபர் 13 அன்று மாலை, பிட்ஸ்பர்க்கின் ஓக்லண்ட் பகுதியிலிருந்து வீடு திரும்பிய கையோடு எழுத உட்கார்ந்தேன். அது என்ன நாள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கும் தமிழர்களுக்காகச் சொல்கிறேன். 1960-ஆம் ஆண்டு இதே நாளில், இந்த ஊரின் பழைய ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மைதானத்தில், நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு எதிரான உலகத் தொடரின் (பேஸ்பால் சாம்பியனைத் தீர்மானிக்கும் தொடர்) கடைசி ஆட்டமான ஏழாவது ஆட்டம் 9-9 என்று சமநிலையில் நின்றபோது, ஒன்பதாவது இன்னிங்ஸில் பில் மஸராஸ்கி அடித்த பந்து இடப்பக்க மதிலைத் தாண்டிப் போனது. அப்போது மணி 3:36. உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் ஒரு ஹோம் ரன்னோடு முடிந்தது அந்த ஒருமுறைதான். மைதானத்தை இடித்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. பல்கலைக்கழகக் கட்டடங்களுக்கு நடுவே மதிலின் ஒரு துண்டு மட்டும் கொடி படர்ந்து நிற்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் மதிலருகே கூடி, மஸராஸ்கியின் அடி சரியாக 3:36-க்கு விழும்படி நேரம் கணக்கிட்டு, பழைய வானொலி வர்ணனையை ஒலிக்கவிட்டுக் கேட்பது இவ்வூர் வழக்கம்.

இந்த முறை எனக்கு அடுத்த மடக்கு நாற்காலியில் இருந்த பெரியவர், மடியில் அட்டையை வைத்துப் பென்சிலால் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் முடிந்துபோன ஆட்டத்துக்கு! எட்டாவது இன்னிங்ஸில் ஹால் ஸ்மித்தின் ஹோம் ரன் வந்ததும் அட்டையின் கட்டத்துக்குள் இருந்த சின்ன வைர வடிவத்தை அழுத்தி நிரப்பினார். ஒன்பதாவதில் யாங்கீஸ் சமன் செய்தபோது, முடிவு தெரிந்திருந்தும், பென்சில் முனையைக் கடித்தார். எல்லாம் முடிந்த பிறகு என் பக்கம் திரும்பி, "இந்த ஓர் ஆட்டத்தில்தான் நாம் ஜெயிப்போம் என்று உறுதியாகத் தெரியும், அதனால் வருகிறேன்" என்றார். சிரிக்கட்டும் என்றுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் இந்த நகரத்துக்கு வேலைக்காக வந்தவன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். 2001-இல் பி.என்.சி. பார்க் திறந்த ஆண்டு, அலுவலக நண்பர் ஒருவர் என்னை அங்கே கூட்டிப்போனார். கிளெமென்டே பாலத்தின் மேல் நடந்து ஆற்றைக் கடந்து, வலப்பக்கத்து மதில் ஏன் 21 அடி உயரம் என்று அவர் சொல்லக் கேட்ட அந்த மாலையிலேயே நான் உங்கள் ரசிகனாகிவிட்டேன். ராபர்ட்டோ கிளெமென்டேயின் சட்டை எண் 21. 1972 செப்டம்பர் 30 அன்று தம் மூவாயிரமாவது ஹிட்டை அடித்தவர், அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று நிக்கராகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன விமானத்தில் கடலில் விழுந்து இறந்தார். ஒரு மனிதரின் நினைவை மதிலின் உயரமாகவே கட்டிவைத்திருக்கும் ஊர் இது. 2008-இல் ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறியும் இளைஞர்களை உங்கள் அணி ஒப்பந்தம் செய்தபோது, அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் கையெழுத்திட்ட முதல் இந்தியர்கள் அவர்கள்தாம் என்று பென் ஹில்ஸ் வெங்கடேசுவரர் கோயில் உணவுக்கூடத்தில் புளியோதரைத் தட்டோடு நின்று பேசிக்கொண்டோம். இருவரும் பெரிய லீகுக்கு, அதாவது முப்பது அணிகள் ஆடும் மேஜர் லீகுக்கு, வரவில்லை. அதனால் என்ன, அந்த ஒரு குளிர்காலம் முழுவதும் உங்கள் அணி எங்கள் அணியாக இருந்தது. இந்த மடலைத் தமிழில் எழுதும் உரிமை எனக்கு அங்கிருந்துதான் வருகிறது. ஆங்கிலத்தில் போதுமான அளவு பேர் எழுதிவிட்டார்கள் என்பதும் இன்னொரு காரணம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தோற்பதைப் பற்றியது அல்ல என் குறை. 162 ஆட்டங்கள் கொண்ட இந்த விளையாட்டில் மிகச் சிறந்த அணிகூட ஐம்பது, அறுபது முறை தோற்கிறது. தோல்வியைத் தாங்கத் தெரியாதவன் பேஸ்பால் பார்க்கக் கூடாது. 1993 முதல் 2012 வரை தொடர்ந்து இருபது பருவங்கள் வெற்றியை விடத் தோல்வியே மிகுந்த அணி என்று, வட அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டிலேயே எவரும் தொடாத சாதனையை நாம் வைத்திருக்கிறோம். அதையும் சகித்துத்தான் இருந்தோம். அதன் முன்பாதிப் பழியை உங்கள் மேல் போடுவதும் நியாயமில்லை, ஏனெனில் முதன்மை உரிமையாளராக நீங்கள் பொறுப்பேற்றது 2007-இல்தான். ஆனால் அன்று முதல் இன்று வரை நடந்த 19 பருவங்களில் வெற்றி மிகுந்தவை 2013, 2014, 2015, 2018 என்ற நான்கு மட்டுமே. தோற்பதால் ரசிகனுக்கு வலிக்கிறது, வீரனுக்கு வலிக்கிறது, பயிற்சியாளருக்கு வேலை போகிறது. உரிமையாளருக்கு மட்டும் எதுவும் ஆகாத ஓர் ஏற்பாடு உருவாகியிருக்கிறதே, அதுதான் என் குறை.

பால் ஸ்கீன்ஸிடமிருந்து தொடங்குகிறேன். புதிய வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வில், 2023-இல் முதல் ஆளாக நீங்கள் எடுத்த பிட்ச்சர், அதாவது பந்தெறிபவர், அவர். இந்தப் பருவத்தில் ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த சராசரி 1.97 ரன், இரண்டு லீகுகளையும் சேர்த்தாலும் அதைவிடக் குறைவாக யாரும் கொடுக்கவில்லை. அவருடைய வெற்றி தோல்விக் கணக்கோ பத்துக்குப் பத்து. கிரிக்கெட் வாசகர்களுக்குப் புரியும்படி சொன்னால், ஆட்டத்துக்கு ஆட்டம் ஐந்து விக்கெட் எடுத்துக்கொடுத்தவனைத் தம் மட்டையாளர்கள் பாதி ஆட்டங்களில் கைவிட்டார்கள். அணி இந்த ஆண்டு அடித்த ஹோம் ரன்கள் 117; எடுத்த ரன்கள் 583; இரண்டிலும் முப்பது அணிகளில் கடைசி இடம். அவர் எறியும் நாட்களில் அரங்கில் ஒரு வினோதமான அமைதி உண்டு. ஏழாவது இன்னிங்ஸ் முடிந்து, ஒரு ரன்கூடக் கொடுக்காமல், தொப்பியைத் தாழ்த்திக்கொண்டு அவர் இறங்கி வரும்போது ஸ்கோர்போர்டில் நம் வரிசையிலும் ஏழு பூஜ்யங்கள் நிற்கும். கைதட்டுவதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல் மக்கள் எழுந்து நிற்பார்கள்.

இந்த ஆண்டு அவருடைய சம்பளம் எட்டே முக்கால் லட்சம் டாலர். எனக்கும் உங்கள் வாசலில் டிக்கெட் கிழிப்பவருக்கும் அது பெரிய தொகைதான். ஆனால் ஐந்தில் ஒரு பங்குகூட இவரைப் போல எறியாத பிட்ச்சர்கள் வேறு ஊர்களில் கோடிகளில் வாங்குகிறார்கள். இளம் வீரரைக் குறைந்த சம்பளத்தில் வைத்துக்கொள்ள விதிகள் உங்களுக்குச் சில ஆண்டுகள் தருகின்றன. அந்த ஆண்டுகளை விதி ஏன் தருகிறது? மிச்சமாகும் பணத்தில் அவரைச் சுற்றி ஓர் அணியைக் கட்டுங்கள் என்பதற்காக. 2029 பருவம் முடிந்ததும் அவர் எங்கு வேண்டுமானாலும் போகலாம். அதற்கு முன்பே அவரை விற்றுவிடுவீர்கள் என்று இப்போதே நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் கடைவிரித்துப் பேசுகிறார்கள், நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அப்படிப் பேச அவர்களுக்குக் காரணம் இருக்கிறது. கெரிட் கோலை 2018 ஜனவரியில் ஹூஸ்டனுக்குக் கொடுத்தீர்கள். அதே மாதம், 2013-இன் மிகச் சிறந்த வீரர் விருது பெற்ற ஆண்ட்ரூ மக்கச்சனை சான் பிரான்சிஸ்கோவுக்கு. அந்த ஜூலையின் கடைசி நாளில் கிறிஸ் ஆர்ச்சர் என்ற ஒருவருக்காக டைலர் கிளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ், ஷேன் பாஸ் என்று மூவரைத் தம்பா பேவுக்கு. அதை இங்கே இன்னும் ஒருவரும் வாய்விட்டுச் சொல்ல விரும்புவதில்லை. பொது மேலாளர் பென் செரிங்டன் 2019 நவம்பரில் வந்த பிறகு ஸ்டார்லிங் மார்ட்டே, ஜாஷ் பெல், ஜேமிசன் டயான், ஜோ மஸ்க்ரோவ் என்று வரிசையாகப் போனார்கள். மஸ்க்ரோவ் சான் டியேகோவுக்குப் போய் மூன்றாவது மாதத்தில், அந்த அணியின் வரலாற்றிலேயே முதல் நோ-ஹிட்டரை (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்) வீசினார். நான் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். சந்தோஷப்பட்டேன், பிறகு வெட்கப்பட்டேன். இந்த ஜூலையில், இங்கிருந்து வடக்கே மார்ஸ் என்ற சிற்றூரில் வளர்ந்து, தன் ஊர் அணிக்காக ஆட்டங்களின் கடைசி இன்னிங்ஸை எறிந்து முடித்துக்கொடுத்துவந்த டேவிட் பெட்னரையும் யாங்கீஸுக்கு அனுப்பிவைத்தீர்கள்.

ஒவ்வொன்றுக்கும் உங்களிடம் ஒரு நியாயம் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். மூத்தவரைக் கொடுத்து இளையவரைப் பெறுவது விதைப்பு என்பீர்கள். விதைப்பதில் யாருக்கும் சண்டையில்லை. இலவு காத்த கிளி என்று நம் ஊரில் சொல்வோம். அந்தக் கிளிக்காவது காய் ஒருநாளும் பழுக்கவில்லை என்ற ஆறுதல் உண்டு. எங்கள் கண் முன்னே காய் நன்றாகப் பழுக்கிறது, பழுத்த மறுநாள் கூடையில் வைத்துப் பக்கத்து ஊருக்குப் போகிறது, கூடையில் பதிலுக்கு மறுபடியும் பிஞ்சு வருகிறது.

ஊர் சிறியது, சந்தை சிறியது என்ற பதிலை நான் பல ஆண்டுகள் நம்பினேன். பேஸ்பாலில் மற்ற இரண்டு உள்ளூர் விளையாட்டுகளைப் போலச் சம்பள உச்சவரம்பு இல்லை. அமெரிக்கக் கால்பந்தில் ஸ்டீலர்ஸும் ஐஸ் ஹாக்கியில் பென்குயின்ஸும் கோப்பை வாங்குவதற்கு அது ஒரு காரணம் என்பதும், லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் முப்பது கோடி டாலருக்கு மேல் சம்பளம் கொடுக்கும்போது நீங்கள் அவர்களோடு ஏலம் கேட்க முடியாது என்பதும் உண்மைதான். ஆனால் நம் பிரிவிலேயே மில்வாக்கி இருக்கிறது. சுற்றுவட்டாரத்தையும் சேர்த்துப் பார்த்தால் பிட்ஸ்பர்க்கை விடச் சிறிய ஊர். பெரிய லீகின் மிகச் சிறிய தொலைக்காட்சிச் சந்தை அவர்களுடையது. இந்த ஆண்டு அவர்கள் 97 ஆட்டங்களில் வென்று முப்பது அணிகளுக்கும் மேலே நின்றார்கள். நாம் 71 வென்று, 91 தோற்று, அதே பிரிவில் அவர்களுக்கு 26 ஆட்டங்கள் பின்னால், கடைசியில் நின்றோம். மில்வாக்கி ஒன்றும் பணத்தைக் கொட்டவில்லை. வீரரை எடுப்பதிலும் வளர்ப்பதிலும், எப்போது கொடுப்பது, பதிலுக்கு யாரை வாங்குவது என்பதிலும் தவறு குறைவாகச் செய்தார்கள். சந்தை சிறியது என்று அவர்கள் சொல்லி நான் கேட்டதில்லை.

பணத்தைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். பெரிய லீகின் விதிப்படி ஒவ்வோர் அணியும் தன் உள்ளூர் வருமானத்தில் 48 விழுக்காட்டைப் பொதுவில் போடுகிறது. அது எல்லோருக்கும் சமமாகப் பிரிகிறது. ஆகவே குறைவாகச் சம்பாதிக்கும் அணி, போட்டதைவிடக் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. அப்படிப் பெறும் பணம் களத்தில் அணியை மேம்படுத்தவே செலவாக வேண்டும் என்றும் ஒப்பந்தம் சொல்கிறது. 2018-இல் வீரர்கள் சங்கம் நான்கு அணிகள் மேல் இதே விஷயத்தில் முறையீடு செய்தது; நான்கில் ஒன்று நம் அணி. அதற்கும் முன்னால் 2010-இல் கசிந்த கணக்கேடுகளில், 2007, 2008 ஆகிய இரண்டு பருவங்களிலும் சேர்த்து அணி ஏறத்தாழ 2 கோடியே 94 லட்சம் டாலர் லாபம் பார்த்தது தெரியவந்தது. அந்த இரண்டு ஆண்டுகளிலும் களத்தில் தொண்ணூறு ஆட்டங்களுக்கு மேல் தோற்றிருந்தோம். லாபம் குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. வியாபாரி லாபம் பார்க்கத்தான் செய்வார். 1996-இல் உங்கள் குடும்பமும் பங்குகொண்ட குழு பத்து கோடி டாலருக்கும் குறைவாக வாங்கிய அணியின் மதிப்பு இன்று நூறு கோடியைத் தாண்டிவிட்டது. அதுவும் சட்டப்படி உங்களுடையதுதான். ஆனால் தோற்கும் ஆண்டிலும் லாபம், சும்மா வைத்திருந்தாலும் பத்து மடங்குக்கு மேல் மதிப்பு என்று இருக்கும்போது, வெல்வதற்காக இன்னொரு டாலரைப் பந்தயம் கட்ட உங்களைத் தூண்டுவது எது? இதைக் குதர்க்கமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்கிறேன்.

நீங்கள் செலவே செய்யவில்லை என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. 2023-இல் பிரையன் ரெனால்ட்ஸுக்குக் கொடுத்த 10 கோடியே 67 லட்சத்து 50 ஆயிரம் டாலர், இந்த அணியின் நீண்ட வரலாற்றில் பத்து கோடியைத் தாண்டிய முதல் ஒப்பந்தம். மிட்ச் கெல்லருக்கு 7 கோடியே 70 லட்சம் கொடுத்தீர்கள். கிப்ரையன் ஹேய்ஸுக்கு எட்டு ஆண்டுகளுக்கு 7 கோடி கொடுத்து, அதன் பாதி வழியிலேயே சின்சினாட்டிக்கு அனுப்பினாலும், அந்த முயற்சியையும் கணக்கில் சேர்க்கிறேன். மக்கச்சனை 2023-இல் திரும்ப அழைத்துவந்தது நல்ல காரியம். இந்த ஜூனில் அவர் பைரேட்ஸ் சட்டையில் தம் 241-ஆவது ஹோம் ரன்னை அடித்துக் கிளெமென்டேயின் எண்ணிக்கையைக் கடந்த இரவை இந்த ஊர் மறக்காது. ஆனால் 38 வயதான ஒருவரின் பழைய புகழைக் காட்டித்தான் அரங்கை நிரப்ப வேண்டியிருக்கிறது என்பதையும் அந்த இரவே காட்டியது.

கிளெமென்டேயின் பெயரை எடுத்ததால் இதையும் சொல்கிறேன். இந்த ஏப்ரலில் வலப்பக்க மதிலில் இருந்த அந்த 21 அடையாளத்தை எடுத்துவிட்டு ஒரு மது விளம்பரத்தை வைத்தீர்கள். ஊர் கொதித்ததும் மன்னிப்புக் கேட்டுத் திருப்பி வைத்தீர்கள். அதே மாதம், அரங்கம் திறந்தபோது மக்கள் பணம் கொடுத்துத் தங்கள் குடும்பத்தார் பெயரைப் பொறித்துப் பதித்த கற்கள் மறுசுழற்சிக் கிடங்கில் குவிந்து கிடக்கும் படங்கள் வெளிவந்தன. இவை இரண்டும் கெட்ட எண்ணத்தில் நடந்தவை என்று நான் நினைக்கவில்லை. கூட்டத்தில் உட்கார்ந்து முடிவெடுத்த பலரில் ஒருவருக்குக்கூட, "இது அந்த மனிதரின் எண்ணாயிற்றே", "இது யாரோ ஒருவரின் இறந்துபோன தாயின் பெயராயிற்றே" என்று தோன்றவில்லை. 91 தோல்விகளைவிட எனக்கு அதுதான் அதிகக் கவலையைத் தந்தது, ஏனெனில் வீரரை வாங்கி அதைச் சரிசெய்ய முடியாது.

மே 8 அன்று, 12 வெற்றி 26 தோல்வி என்ற நிலையில், தலைமைப் பயிற்சியாளர் டெரெக் ஷெல்டனை நீக்கினீர்கள். டான் கெல்லி வந்தார். இந்த ஊர்ப் பிள்ளை. அவர் கையில் 59-65 என்று ஓரளவு நிமிர்ந்தோம். அவரையே தொடரச் செய்தது சரியான முடிவு என்றே கருதுகிறேன். ஆனால் மட்டை பிடிக்க ஆளில்லாத அணியில் சமையற்காரரை மட்டும் மாற்றி என்ன பயன், உலையில் போட அரிசி வாங்கித் தர வேண்டியவர்கள் அப்படியே இருக்கிறார்களே?

ஏப்ரல் 4 அன்று, உள்ளூர் முதல் ஆட்டத்தில், அரங்கத்துக்கு மேலே ஒரு சிறு விமானம் அணியை விற்றுவிடும்படி உங்கள் பெயரைச் சொல்லிப் பதாகை இழுத்துப் பறந்தது. கீழே பல பகுதிகளில் அதே கோஷம். நான் அதில் சேரவில்லை. இனியும் சேரமாட்டேன். கலிஃபோர்னியாவில் உள்ள ஓக்லண்டின் அத்லெட்டிக்ஸ் அணி ரசிகர்களும் அப்படித்தான் கத்தினார்கள். 2024-இன் கடைசியில் அணியே ஊரைவிட்டுப் போய்விட்டது. புதிதாக வாங்குபவர் எப்படிப்பட்டவராக இருப்பார் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே நான் உங்களிடம் விற்கச் சொல்லவில்லை. வைத்திருப்பதென்றால் அதை வைத்திருப்பது போல வைத்திருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நல்ல அணி வந்தால் இந்த ஊர் எப்படி இருக்கும் என்பது உங்களுக்கும் நினைவிருக்கும். 2013 அக்டோபர் 1 இரவு, இருபத்தொரு ஆண்டுகளுக்குப் பிறகு நமக்கு வந்த முதல் பிந்தைய பருவ ஆட்டம், அதாவது பருவம் முடிந்தபின் சிறந்த அணிகள் மட்டும் ஆடும் சுற்று. நாற்பதாயிரத்துக்கும் மேல் ஆட்கள், எல்லோரும் கறுப்புச் சட்டையில். சின்சினாட்டியின் பிட்ச்சர் ஜானி குவேட்டோவின் பெயரை இழுத்து இழுத்துக் கூவியபோது, பந்தெறியும் மேட்டின் மேல் நின்ற அவர் கையிலிருந்து பந்து நழுவிக் கீழே விழுந்தது. அடுத்த பந்தை ரஸல் மார்ட்டின் ஹோம் ரன்னாக அடித்தார். மேல் தளத்தில் என் காலடியில் கான்கிரீட் நடுங்கியது. முன்பின் தெரியாத ஒருவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். 2015-இல் 98 ஆட்டங்களில் வென்றபோது ஏறத்தாழ 25 லட்சம் பேர் அரங்கத்துக்கு வந்தார்கள். இந்த ஊருக்குப் பேஸ்பால் மேல் ஆசையில்லை என்று இனி யாரும் உங்களிடம் அறிக்கை கொண்டுவந்து கொடுத்தால், இந்த எண்ணைக் காட்டி அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

என் வேண்டுகோள்கள் பெரியவை அல்ல. டிசம்பரில் ஆர்லாண்டோவில் எல்லா அணிகளும் கூடும்போது, முதுகு ஒடியாத, முப்பது ஹோம் ரன்னாவது அடித்துக் காட்டிய ஒருவரை வாங்கிவாருங்கள். பருவம் முடிந்து கழிவு விலைக்கு வருபவரை அல்ல. ஸ்கீன்ஸிடம் ஒரு நேர்மையான நீண்ட ஒப்பந்தத்தை இப்போதே வையுங்கள். அவர் மறுத்தால், மறுத்தார் என்பதையாவது நாங்கள் தெரிந்துகொள்வோம். கீழ் லீகில் தன் முதல் ஆண்டிலேயே எல்லோர் கண்ணையும் கவர்ந்திருக்கும் பத்தொன்பது வயது கானர் கிரிஃபினை, மேலே கொண்டுவரும் நாளைச் சம்பளக் கணக்கைப் பார்த்துத் தள்ளிப்போடாதீர்கள். பொதுப் பங்கிலிருந்து வரும் பணத்தில் எவ்வளவு வீரர்களுக்குப் போகிறது என்பதை ஆண்டுக்கொருமுறை ஒரு பக்கத்தில் வெளியிடுங்கள். சட்டம் அப்படி உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அதனால்தான் செய்தால் அதற்கு மதிப்பு.

அடுத்த ஆண்டு அக்டோபர் 13 அன்று, பிற்பகல் ஒரு மணிக்கு, ஓக்லண்டில் அந்த மதிலருகே வாருங்கள். காவலோ, முன்னறிவிப்போ தேவையில்லை; யாரும் கோஷம் போடமாட்டார்கள், எல்லோரும் வானொலி கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஸ்கோர் எழுதும் பெரியவருக்குப் பக்கத்தில் உங்களுக்காக ஒரு மடக்கு நாற்காலி நான் கொண்டுவந்து போட்டுவைக்கிறேன்.

இப்படிக்கு,
2001 முதல் உங்கள் அணியின் ரசிகன்,
பிட்ஸ்பர்க்.